இபானாவின் மகன்: 3,500 வருஷப் பழைய ஒரு ரெஸ்யூமே

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

எகிப்துன்னு சொன்னதும் பிரமிட், மம்மி, தூத்தங்காமுன், அவரோட தங்க முகமூடி, இதுதானே ஞாபகத்துக்கு வருது? எல்லாமே ராஜா வீட்டுச் சமாசாரம். இன்னைக்கு நாம பாக்கப் போறது சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு மனுஷன். கப்பல் படைவீரர். மூணு ராஜாக்களுக்குக் கீழே சண்டை போட்டு, ரிட்டயர் ஆகி, சொந்த ஊர்ல தனக்கு ஒரு கல்லறை வெட்டிக்கிட்டு, அதோட சுவத்துல தன்னோட ரெஸ்யூமேவைச் செதுக்கி வச்சுட்டுப் போனவர். பேரு அஹ்மோஸ். முழுப் பேரு, இபானாவின் மகன் அஹ்மோஸ்.

ரெஸ்யூமேன்னு சும்மா சொல்லலை. அந்தக் கல்வெட்டு தொடங்குறதே அப்படித்தான் இருக்கு. மனுஷங்க எல்லாரையும் கூப்பிட்டு, எனக்குக் கிடைச்ச மரியாதையைச் சொல்றேன் கேளுங்கன்னு ஆரம்பிக்கிறார். ஊர் உலகம் பார்க்க 7 தடவை எனக்குத் தங்கம் கொடுத்தாங்க, அடிமைகள் கொடுத்தாங்க, நிறைய நிலம் கொடுத்தாங்க. மொத்தக் கணக்கு முதல்ல, விவரம் அப்புறம். நம்ம ஆளுங்க ரெஸ்யூமே மேல நாலு வரி சம்மரி போடுவாங்க இல்லையா, அதேதான்.

அந்த 7 சரியான்னு பார்த்துடலாம்னு நான் கல்வெட்டோட மொழிபெயர்ப்பை வச்சுக்கிட்டு ஒவ்வொரு சம்பவமா எண்ணினேன். அவாரிஸ் நகரச் சண்டையில 3, ஷாருஹென் முற்றுகையில 1, நுபியாவுல 1, அடுத்த ராஜா காலத்துல 1, கடைசியா சிரியாப் பக்கம் 1. டேலி ஆகுது. மனுஷன் ரவுண்ட் ஆஃப் பண்ணலை.

ஊரும் காலமும்

இடம், எல் காப். பழைய பேரு நெகெப். லக்சருக்குத் தெற்கே, நைல் நதியோட கிழக்குக் கரையில இருக்கு. கழுகு உருவத்துல இருக்கிற நெக்பெத் தெய்வத்தோட ஊர் அது. பச்சைச் செங்கல்லுல கட்டின பிரம்மாண்டமான மதில் இன்னும் நிக்குது. மதிலுக்கு வடக்கே ஒரு மணற்கல் குன்று. அதுல வரிசையா கல்லறைகளை வெட்டியிருக்காங்க. அதுல 5-ஆம் எண் கல்லறை நம்மாளோடது.

காலம், சுமார் கி.மு. 1550. அப்போ எகிப்து ஒரே நாடா இல்லை. வடக்கே டெல்டாவுல ஹைக்சோஸ் ராஜாக்கள் ஆள்றாங்க. பூர்வீகம் மேற்கு ஆசியா. தலைநகர் அவாரிஸ். தெற்கே தீப்ஸ்ல, அதாவது இன்னைய லக்சர்ல, எகிப்திய ராஜ வம்சம். அதுக்கும் தெற்கே நுபியாவுல குஷ் ராஜ்ஜியம். தீப்ஸ் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கு.

அஹ்மோஸோட அப்பா பேரு பாபா. அவரும் சிப்பாய்தான். தீப்ஸ் ராஜா செகெனென்ரேகிட்ட வேலை பார்த்தவர். இந்த ராஜாவோட மம்மி நம்மகிட்ட இருக்கு. 1881-ல டெய்ர் எல் பாரியில ஒரு ரகசியப் பதுக்கல் கண்டுபிடிச்சாங்களே, அதுல கிடைச்சது. தலை முழுக்க வெட்டுக்காயம். கோடாலி விழுந்த தடம் நெத்தியில அப்படியே இருக்கு. 2021-ல வெளிவந்த சிடி ஸ்கேன் ஆய்வு, சாகும்போது அவரோட கை கட்டப்பட்டிருக்கலாம்னு சொல்லுது. அதாவது, பாபா வேலை பார்த்த முதலாளி ரொம்ப மோசமா செத்திருக்கார். அதே வேலைக்குத்தான் பையன் போறான்.

இதைச் சொல்லும்போது அஹ்மோஸ் ஒரே வரியில தாண்டிப் போறார். நெகெப்ல வளர்ந்தேன், அப்பா செகெனென்ரேகிட்ட சிப்பாய், அவருக்குப் பதிலா நான் போனேன், அவ்வளவுதான். அப்பா செத்துட்டாரா, வயசாயிடுச்சா, எதுவும் கிடையாது. நடுவுல கமோஸ்னு ஒரு ராஜா இருந்தார். ஹைக்சோஸ் மேல படையெடுத்துப் போனவர், கர்நாக் கோயில்ல பெரிய பெரிய கல்வெட்டு வச்சவர். அவர் பேரே இந்தச் சுவத்துல இல்லை. அடுத்து வந்த ராஜா பேரும் அஹ்மோஸ்தான். அந்தக் காலத்துல அது அவ்வளவு ஃபேஷனான பேரு, நிலா பிறந்ததுன்னு அர்த்தம். குழப்பம் வேண்டாம், நான் அவரை ராஜான்னே சொல்றேன்.

காட்டு எருது

முதல் போஸ்டிங், ‘காட்டு எருது’ங்கிற கப்பல். அப்போ எனக்குச் சின்ன வயசு, கல்யாணம் ஆகலை, ராத்திரி வலையில படுத்துத் தூங்குவேன்னு சொல்றார். இந்த ‘வலை’ என்னன்னு மொழிபெயர்ப்பாளர்களுக்குள்ள தகராறு. தொட்டில் மாதிரிக் கட்டித் தொங்கவிடுற படுக்கைங்கிறாங்க சிலர். வேற மாதிரிப் படிக்கிறவங்களும் இருக்காங்க. எதுவா இருந்தாலும் எனக்குப் பிடிச்ச வரி இதுதான். மொத்தக் கல்வெட்டுலயும் ராஜா, பதக்கம், எண்ணிக்கை எதுவும் இல்லாம, ஒரு பையன் எங்க படுத்துத் தூங்கினான்னு மட்டும் சொல்ற இடம் இது ஒண்ணுதான்.

அப்புறம் வீடு, குடும்பம்னு ஆகுது. மனைவி பேரு இபு. உடனே, தைரியசாலின்னு சொல்லி ‘வடக்கு’ங்கிற கப்பலுக்கு மாத்துறாங்க. ராஜா தேர்ல போகும்போது இவர் பின்னாடியே நடந்து போறார்.

அவாரிஸ் முற்றுகை தொடங்குது. எல் காப்ல இருந்து ஆத்து வழியா கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். டெல்டாவுல நிலமும் நீரும் கலந்து கிடக்கும், அதனால சண்டை பாதி கரையில, பாதி கால்வாயில. ராஜா கண் முன்னாடி இறங்கிச் சண்டை போட்டதுக்கு ‘மெம்பிஸில் உதித்தது’ங்கிற கப்பலுக்கு மாத்தல். பஜெத்கூங்கிற கால்வாயில ஒரு சண்டை. அங்க ஒரு கையை எடுத்துக்கிட்டு வர்றார்.

கைன்னா நிஜமான கைதான். கொன்ன எதிரியோட கையை மணிக்கட்டுல வெட்டிக் கொண்டு வரணும். அதை ராஜாவோட அறிவிப்பாளர்கிட்டக் காட்டணும். அவர் பதிவு பண்ணினாத்தான் தங்கம். ‘பத்துப் பேரைக் கொன்னேன்’னு வாய்ல யாரு வேணா சொல்லலாம், கையைக் காட்டுன்னா பொய் சொல்ல முடியாது. இந்த வெரிஃபிகேஷன் முறையைப் படிச்சப்போ, இதை யோசிச்சவன் எங்க ஆபீஸ்ல ஆடிட் டீம்ல இருந்திருக்க வேண்டியவன்னு தோணுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அந்தக் கையோட நினைப்பு வந்தது.

ரொம்ப நாள் இந்த விஷயம் கல்வெட்டுலயும் கோயில் சுவர்ச் சிற்பத்துலயும் மட்டும்தான் இருந்தது. 2011-ல மண்ணுக்கடியில இருந்தே கைகள் வந்துச்சு. எங்கன்னா, அதே அவாரிஸ்ல. இப்போ அந்த இடத்துக்கு டெல் எல் தபான்னு பேரு. ஆஸ்திரிய ஆய்வாளர் மன்ஃப்ரெட் பீட்டாக் 1966-ல இருந்து அங்க தோண்டினவர். அவரோட குழு ஒரு அரண்மனை முற்றத்துல குழி குழியா புதைச்ச வலது கைகளைக் கண்டுபிடிச்சது. எலும்பை ஆராய்ஞ்ச கட்டுரை 2023-ல வந்தது. குறைஞ்சது 12 பேர், 11 பேர் ஆண்கள், ஒருத்தர் பெண்ணா இருக்கலாம்.

ட்விஸ்ட் என்னன்னா, அது ஹைக்சோஸ் அரண்மனை. எகிப்தியர் அரண்மனை இல்லை. இந்தக் கை வெட்டுற வழக்கத்துக்கு நம்மகிட்ட இருக்கிற மிகப் பழைய நேரடி சாட்சி, எதிரியோட முற்றத்துல கிடைச்சிருக்கு. எதிரிகிட்ட இருந்தே எகிப்தியர்கள் கத்துக்கிட்டிருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

அதே இடத்துல மறுபடி சண்டை, மறுபடி ஒரு கை, மறுபடி தங்கம். மூணாவது சம்பவம்தான் எனக்கு சினிமா மாதிரி ஓடுது. ஊருக்குத் தெற்கே சண்டை. இந்தத் தடவை கை இல்லை, ஒரு ஆளையே உயிரோட பிடிக்கிறார். ஆனா பிடிச்ச இடம் நகரத்துப் பக்கக் கரை. நம்ம ஆளுங்க அந்தப் பக்கம். தண்ணியில இறங்கி, அந்த ஆளைத் தூக்கிக்கிட்டே கடந்து வந்தேங்கிறார். மேல இருந்து அம்பு வருதோ இல்லையோ, தோள்ல இருக்கிறவன் சும்மாவா இருந்திருப்பான்? கழுத்தைப் பிடிச்சிருப்பானா, உதைச்சிருப்பானா, இல்லை, எதிர்க்க முடியாத அளவுக்கு அடிபட்டிருந்தானா? கல்வெட்டு அந்த விவரத்துக்குப் போகலை. அறிவிப்பாளர்கிட்ட ரிப்போர்ட் ஆச்சு, தங்கம் வந்தது.

தலைக்கணக்கு

கடைசியில அவாரிஸ் விழுந்தது. உலக வரலாற்றுல பெரிய திருப்பம். எகிப்து ஒண்ணா சேர்ந்து, அடுத்த 400 வருஷத்துக்கும் மேல பேரரசா நிக்கப் போகுது. அந்த நாளைப் பத்திக் களத்துல நின்ன ஒரு எகிப்தியர் விட்டுட்டுப் போன நேரடி வாக்குமூலம் இது ஒண்ணுதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கு. அதுல அவர் என்ன சொல்றார்?

அவாரிஸ் சூறையாடப்பட்டது, நான் அங்க இருந்து கொண்டு வந்தது ஒரு ஆண், மூணு பெண், ஆக மொத்தம் 4 தலை. ராஜா அவங்களை எனக்கே அடிமையாக் கொடுத்தார். அவ்வளவுதான்.

‘தலை’ங்கிறது என் வார்த்தை இல்லை, அவர் எழுதினது. மாட்டை எண்ற மாதிரி எண்ணியிருக்கார்.

இந்த 4 பேர் யாரு? பழைய பாடப்புத்தகக் கதைப்படி ஹைக்சோஸ்னா எங்கிருந்தோ குதிரையும் தேருமா வந்து இறங்கின படையெடுப்பாளர்கள். அந்தக் கதை இப்போ ஆட்டம் கண்டிருக்கு. 2020-ல ஒரு ஆய்வு, டெல் எல் தபாவுல புதைக்கப்பட்டவங்களோட பல்லுல இருக்கிற ஸ்ட்ரான்சியத்தை அளந்து பார்த்தது. குழந்தைப் பருவத்துல நீங்க குடிச்ச தண்ணி, சாப்பிட்ட சாப்பாட்டோட தடம் பல் எனாமல்ல லாக் ஆகியிருக்கும். அதை வச்சு ஒருத்தர் அந்த ஊர்ல வளர்ந்தவரா, வெளியூரான்னு சொல்லிடலாம். ஹைக்சோஸ் ஆட்சிக்கு முன்னாடியே வெளியாட்கள் நிறைய வந்து குடியேறியிருக்காங்க, அதுல பெண்கள் அதிகம். படையெடுத்து வந்த கூட்டத்துல பெண்கள் அதிகமா இருக்க மாட்டாங்க இல்லையா. பல தலைமுறையா வந்து கலந்து வாழ்ந்த ஒரு துறைமுக நகரம் அது.

அப்போ அந்த மூணு பெண்களும் பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தவங்க. நகரம் விழுந்த அன்னைக்கு ஒரு கப்பல் சிப்பாய் வீட்டுக்குச் சொத்தாப் போனாங்க, 900 கிலோமீட்டர் தெற்கே. எகிப்தின் ‘விடுதலைப் போர்’னு புத்தகத்துல வர்ற சம்பவம், அவங்களுக்கு அன்னைக்கு என்னவா இருந்திருக்கும்?

அப்புறம் பாலஸ்தீனத் தெற்குல ஷாருஹென்னு ஒரு ஊர். 3 வருஷ முற்றுகை. இவர் பங்குக்கு ரெண்டு பெண்கள், ஒரு கை.

தெற்கு, நிலம், கடைசிச் சண்டை

வடக்கு முடிஞ்சதும் ராஜா தெற்கே திரும்புறார், நுபியாவுக்கு. அங்கே ரெண்டு ஆட்கள் உயிரோட, மூணு கை. தங்கம், ரெண்டு அடிமைப் பெண்கள். திரும்பி வந்தா ஆட்டாங்கிறவன் படையோட வர்றான். அவனைப் பிடிச்சாச்சு. அவன் கப்பல்ல இருந்து ரெண்டு இளம் வீரர்களை நம்மாளு கைப்பற்றுறார். அடுத்து தெத்தியான்னு ஒருத்தன் கலகக்காரங்களைக் கூட்டுறான். அவனையும் கூட்டத்தோட முடிச்சாச்சு.

இந்த ரெண்டு சண்டையிலும் பரிசு மாறுது, கவனிச்சீங்களா? தங்கம் இல்லை. ஆட்டா விஷயத்துல 5 தலை, கூடவே சொந்த ஊர்லயே 5 அரூரா நிலம். ஒரு அரூரான்னா 100 முழத்துக்கு 100 முழம், அதாவது சுமார் 2,750 சதுர மீட்டர். 5 அரூரா, மூணரை ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. கப்பல்ல இருந்த எல்லாருக்கும் இதே மாதிரின்னு ஒரு வார்த்தை சொல்றார். தெத்தியான் சண்டைக்கு 3 தலை, இன்னொரு 5 அரூரா.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். தங்கத்தைக் கழுத்துல மாட்டிக்கலாம், செத்தா கூடவே புதைக்கலாம். நிலமும் அதுல வேலை செய்ய ஆளும் கிடைச்சா கதையே வேற, அடுத்த தலைமுறை வேற வர்க்கம். தீப்ஸ் ராஜாக்கள் சண்டையை நடத்தின விதமே இதுதான். ஜெயிச்ச இடத்துல பிடிச்ச ஆட்களை, ஜெயிச்சுக் கொடுத்தவனோட ஊர்ல, அவனோட வயல்ல இறக்கிவிடு. எல் காப் மாதிரி ஒரு ஊர்ல இருந்து எத்தனை பேர் கிளம்பியிருப்பாங்கன்னு யோசிங்க. ஒவ்வொருத்தனுக்கும் அடுத்த போர்ல ஒரு பங்கு இருக்கு. ராஜாவுக்கு விசுவாசமா இருக்கிறது அவனவன் குடும்பத்துக்கே லாபம்.

அடுத்த ராஜா முதலாம் அமென்ஹோதெப். குஷ் படையெடுப்பு. எங்கேயோ ஒரு கிணத்துப் பக்கத்துல இருந்து ராஜாவை ரெண்டே நாள்ல எகிப்துக்குக் கொண்டு வந்து சேர்த்ததுக்குத் தங்கம், ‘ஆட்சியாளரின் வீரர்’ங்கிற பட்டம். அப்புறம் முதலாம் துட்மோஸ். நைல் நதியில அருவி மாதிரிப் பாறை நிறைஞ்ச இடங்கள் உண்டு, படகை இழுத்துத்தான் தாண்டணும். அங்கே மோசமான தண்ணியில திறமை காட்டினதுக்குப் படகோட்டிகளின் தலைவரா பதவி உயர்வு. அதே படையெடுப்புல துட்மோஸோட முதல் அம்பு எதிரித் தலைவன் நெஞ்சுல பாயுது. திரும்பும்போது அந்த நுபியன் உடம்பை ராஜாவோட கப்பல் முனையில தலைகீழாத் தொங்கவிட்டுக்கிட்டே வர்றாங்க. இதையும் நம்மாளு அதே குரல்லதான் சொல்றார், வானிலை அறிக்கை மாதிரி.

கடைசிச் சண்டை சிரியா தாண்டி, நஹாரின்ல. ஒரு தேர், அதோட குதிரை, அதுல இருந்த ஆள் உயிரோட. ஏழாவது தங்கம்.

அப்போ அவருக்கு என்ன வயசு? கணக்குப் போடுவோம். முதல் ராஜா ஆண்டது சுமார் 25 வருஷம், ரெண்டாவது சுமார் 21. முதல் ராஜா ஆட்சியோட நடுவுல, 15 வயசுப் பையனா சேர்ந்தார்னே வச்சுக்கிட்டாக்கூட, தேரைப் பிடிக்கும்போது ஐம்பதுக்குக் கிட்ட. நிஜத்துல இன்னும் அதிகமாவே இருந்திருக்கும். வயசாயிடுச்சு, நானே வெட்டின கல்லறையில ஓய்வெடுப்பேன்னு சொல்லி முடிச்சுக்கிறார்.

வீட்டுப் பெண்கள்

இப்போ பேருக்கு வருவோம். அப்பா பாபா சிப்பாய், ராஜாவுக்கு வேலை செஞ்சவர். ஆனா மகன் தன்னை ‘இபானாவின் மகன்’னுதான் சொல்லிக்கிறார். இபானா அவரோட அம்மா. இனிஷியல் போடச் சொன்னா ‘இ’ தான் போட்டிருப்பார். அம்மா பேரைச் சேர்த்துச் சொல்றது அந்தக் காலத்து எகிப்துல சாதாரணம்தான். ஆனா இந்தக் குடும்பத்துல கதை முழுக்கப் பெண்கள் வழியாவே நகருது.

அஹ்மோஸ், இபு தம்பதியோட பொண்ணு கெம். அவங்க கட்டிக்கிட்டது இத்ரூரிங்கிறவரை. இந்த மாப்பிள்ளை, துட்மோஸ் ராஜாவோட மகன் வஜ்மோஸுக்கு வாத்தியார். சிப்பாய் வீட்டுப் பொண்ணு அரண்மனைக்குள்ள போய் வர்ற மனுஷனைக் கல்யாணம் பண்ணியிருக்காங்க. 7 தங்கமும் நிலமும் என்ன வேலை பண்ணுச்சுன்னு இப்போ புரியுதா? அவங்களுக்குப் பிறந்தவர் பஹேரி. அவரும் அதே இளவரசருக்கு ஆசான், அப்புறம் நெகெப்புக்கும் எஸ்னாவுக்கும் மேயர், தானியக் கணக்கு எழுதுற அதிகாரி. வலையில தூங்கின பையனோட பேரன்.

தாத்தாவோட கல்லறையில வேலையை முன்னாடி நின்னு நடத்தினது இந்தப் பேரன்தான். சுவத்துலயே அதை எழுதி வச்சிருக்கார். மகளின் மகன், அமுன் கோயில் ஓவியர் பஹேரி, தன் அம்மாவோட அப்பா பேரை வாழ வைக்கிறான்னு. பேரு அழியாம இருந்தாத்தான் செத்தவருக்கு வாழ்வு, அது எகிப்தியரோட நம்பிக்கை. அந்தக் கடமையை இங்கே செஞ்சது மகள் வயித்துப் பேரன். கெம் இல்லைன்னா இந்த எபிசோடே இல்லை.

ராஜா வீட்டுலயும் இதே மாதிரி ஒரு அம்மா உண்டு. அஹ்மோஸ் ராஜாவோட அம்மா அஹ்ஹோதெப். படைவீரர்களைப் பார்த்துக்கிட்டவங்க, ஓடிப்போனவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்தவங்கன்னு மகன் கர்நாக்ல கல்வெட்டே வச்சிருக்கார். 1859-ல அஹ்ஹோதெப் பேர்ல கிடைச்ச சவப்பெட்டியில கோடாலி, குத்துவாள், தங்கத்துல செஞ்ச மூணு பெரிய ஈ. ஆமா, கொசு மாதிரி வந்து மொய்க்குமே, அந்த ஈதான். விரட்ட விரட்டத் திரும்பி வரும் இல்லையா, அதனால வீரத்துக்கு அடையாளம்னு ஒரு விளக்கம் சொல்றாங்க.

பத்தொன்பது பேர்

இந்தச் சுவத்துல இன்னொரு பகுதி இருக்கு. யூட்யூப் வீடியோக்கள்ல யாரும் பெருசா சொல்றதில்லை. கதை முடிஞ்சப்புறம் ஒரு பட்டியல். போர்ல கிடைச்ச அடிமைகள்: ஆண்கள் 9, பெண்கள் 10. மொத்தம் 19. கதையில அங்கங்க வர்ற எண்ணிக்கையும் இதுவும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. ஆனா கதையில வெறும் தலையா இருந்தவங்களுக்கு இங்கே பேர் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும்.

நிறையப் பேருக்கு எகிப்தியப் பேர். பிடிபட்டப்புறம் வச்ச பேரா இருக்கலாம். புது வீடு, புது முதலாளி, புதுப் பேர். ஆனா ஒருத்தங்க மட்டும் பளிச்சுன்னு தனியாத் தெரியறாங்க. இஷ்தார் உம்மி. செமிட்டிக் மொழிப் பேர். ‘இஷ்தார் என் தாய்’னு அர்த்தம். இஷ்தார் மேற்கு ஆசியாவோட பெரிய பெண் தெய்வம். அவங்க அப்பா அம்மா வச்ச பேர் அது, அவங்க கும்பிட்ட தெய்வத்தோட பேர். அவாரிஸ்ல பிடிச்ச மூணு பேர்ல ஒருத்தங்களா, ஷாருஹென்ல பிடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தங்களா, பட்டியல் பிரிச்சுக் காட்டலை.

பஹேரி தாத்தா பேரை வாழ வைக்கத்தான் இந்தச் சுவத்தைச் செதுக்க வச்சார். சொத்துக் கணக்கையும் விடாம எழுதினதால இஷ்தார் உம்மி பேரும் சேர்ந்து 3,500 வருஷம் வந்திருக்கு. அவங்களுக்கு வேற எங்கேயும் ஒரு வரி கிடையாது. குழந்தைங்க இருந்தாங்களா, நெகெப்ல எத்தனை வருஷம் இருந்தாங்க, அவங்க தெய்வத்தை மனசுக்குள்ளயாவது கும்பிட முடிஞ்சுதா? கெம்மைச் சின்ன வயசுல தூக்கி வளர்த்ததே அவங்களாக் கூட இருக்கலாம். இது என் கற்பனை, கல்வெட்டுல இல்லை. ஆனா அந்த வீட்டுல பெண் அடிமைகள் 10 பேர் இருந்திருக்காங்க, யாரோ ஒருத்தங்க தூக்கியிருப்பாங்க.

‘அடிமை’ங்கிற சொல்லைப் பத்தியும் ஒரு வார்த்தை. எகிப்திய மொழியில ஆணுக்கு ஹெம், பெண்ணுக்கு ஹெமெத். பிற்காலத்து அமெரிக்கத் தோட்ட அடிமைமுறையை அப்படியே இங்கே ஒட்ட வைக்கக் கூடாதுன்னு ஆய்வாளர்கள் எச்சரிக்கிறாங்க. நியாயம்தான். ஆனா பிடிச்சுக் கொண்டு வந்து, எண்ணி, இன்னார்க்குன்னு பரிசாக் கொடுத்து, நிலத்தோட சேர்த்து சுவத்துல எழுதி வச்சதுக்கு அதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கலை.

இந்தக் கல்வெட்டை ஷாம்போலியன் தன்னோட எகிப்துப் பயணத்துல பார்த்திருக்கார், ஹைரோகிளிஃப் எழுத்தைப் படிக்க வழி கண்டுபிடிச்ச அதே ஷாம்போலியன். 1851-ல இமானுவேல் தெ ரூஜே இதைப் பத்தித் தனி ஆய்வே வெளியிட்டார். அன்னையில இருந்து ஹைக்சோஸ் போர்னா இந்தச் சுவர்தான் முதல் சாட்சி. அதுல ஒரு சிக்கலும் இருக்கு. இவர் அவாரிஸ் சூறையாடப்பட்டதுன்னு சொல்றார். தோண்டினா பெரிய எரிப்பு அடுக்கு எதுவும் அங்கே தட்டுப்படலை, நகரம் காலி பண்ணப்பட்ட மாதிரி இருக்குன்னு பீட்டாக் குழு சொல்லுது. ஆயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு எழுதின மனேத்தோவும் ஹைக்சோஸ் ஒப்பந்தம் போட்டுக்கிட்டு வெளியேறினாங்கன்னுதான் சொன்னதா ஜோசிஃபஸ் எழுதி வச்சிருக்கார். ரெண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம்: பெரும்பாலானவங்க கிளம்பிப் போனாங்க, போக முடியாதவங்க ‘தலை’ ஆனாங்க. நம்மாளு தான் பார்த்த பக்கத்தை மட்டும்தான் எழுதினார். ரெஸ்யூமேல யாரும் டீமோட முழுக் கதையையும் எழுத மாட்டாங்க. பக்கத்துல நின்னு செத்தவங்க, தனக்குப் பட்ட காயம், ஒரு சண்டையில தோத்தது, எதுவுமே இல்லை பாருங்க.

எல் காப் போறவங்க 5-ஆம் எண்ணைப் பார்த்துட்டு அப்படியே 3-ஆம் எண்ணுக்கும் போங்க. அது பேரன் பஹேரியோட சொந்தக் கல்லறை. ஒரே குன்று, ரெண்டு தலைமுறை இடைவெளி, ஆனா உலகமே வேற. போர் கிடையாது. உழுறாங்க, அறுக்குறாங்க, படகுல தானியம் ஏத்துறாங்க, பஹேரி நின்னு மேற்பார்வை பார்க்கிறார். இளவரசர் மடியில உக்காந்திருக்கார். விருந்து நடக்குது, சொந்தக்காரங்க எல்லாரும் வரிசையா உக்காந்திருக்காங்க, அதுல ஒரு அம்மா 18 கிண்ணம் ஒயின் கொண்டு வா, தொண்டை வைக்கோல் மாதிரி காஞ்சு கிடக்கு, போதை ஏற ஏறக் குடிக்கணும்னு கேக்குறாங்க. அதையும் பக்கத்துலயே எழுதி வச்சிருக்காங்க. அந்த வயல்ல இருக்கிறவங்கள்ல, பரிமாறுறவங்கள்ல, யாரு யாரோட பேரன் பேத்தின்னு எனக்கு ஒரு யோசனை ஓடிக்கிட்டே இருந்தது.

அதே ஊர்ல, அதே காலத்துல, அதே பேர்ல இன்னொரு சிப்பாய் உண்டு, அஹ்மோஸ் பென் நெக்பெத். 2-ஆம் எண் கல்லறை. அவருக்குக் கிடைச்ச பதக்கங்கள்ல தங்க ஈயும் இருக்கு, தங்கச் சிங்கமும் இருக்கு. ஹட்ஷெப்சுத் காலம் வரைக்கும் இருந்து, அவங்க பொண்ணு நெஃபெரூரேவை வளர்க்கிற பொறுப்பும் கிடைச்சது. அவர் கதை அடுத்த எபிசோட்ல.